பிளேன் கேசட்டில் பிளேன் இல்லை

போன வாரம் நம்ம பழைய கேம் குரூப்பில் என் கேம் வரிசையைப் போட்டோ எடுத்துப் போட்டேன். டிவி முழுக்கக் கேம் பெட்டிகளின் அட்டைப் படங்கள். எல்லாம் ஒரே அளவு. கீழே பெயர். நல்லா இருக்கு என்றீர்கள். ஒருத்தர் மட்டும் உற்றுப் பார்த்திருக்கிறார்.

"அக்கா, மூணாவது வரிசையில ஒண்ணு தப்பு. அது சுரங்கம் தோண்டுற கேம். நீங்க பிளேன் படம் வச்சிருக்கீங்க. பேரும் பிளேன்னு இருக்கு. மாத்திடுங்க லா."

தப்பு என்று தெரியும். தெரிந்துதான் வைத்திருக்கிறேன். ஏன் என்று அங்கேயே பதில் எழுதப் பார்த்தேன். நாலு தடவை எழுதி அழித்தேன். அதனால் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். நான் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றவள். எழுத்து அப்படித்தான் இருக்கும். நம்ம வயசுக்காரங்களுக்குப் புரியும்.

இந்த வேலை எப்படி வந்தது என்று முதலில் சொல்கிறேன். மகன் டிவியில் மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தான். சவுக்காரக் கட்டி அளவு. உள்ளே ஆயிரக்கணக்கில் பழைய கேம். ஒரு வாரம் ஆடினான். விட்டுவிட்டான். முட்டி வலியால் நான் அப்போதுதான் ஃபேக்டரி வேலையை நிறுத்தியிருந்தேன். திறந்து பார்த்தேன். ஒரே குப்பை. ஒரே கேம் மூன்று தடவை. ஜப்பான் ஒன்று, அமெரிக்கா ஒன்று, எங்கேயோ ஒன்று. பெயருக்குப் பின்னால் பிராக்கெட், நம்பர், கோடு. பாதிக்கு மேல் படம் இல்லை. கறுப்புக் கட்டம்தான்.

"படத்துக்கு வைக்கிற பேரும் கேமுக்கு வைக்கிற பேரும் ஒரு எழுத்து மாறக்கூடாதும்மா," என்றான் மகன். "நடுவுல ஒரு இடம் கூடுதலா விட்டாக்கூடப் படம் வராது."

"அவ்வளவுதானே," என்றேன்.

இங்கே செனாய் டவுன் ஃபேக்டரியில் நான் பார்த்த வேலையே அதுதான். சாமானைப் பார். லேபிளைப் பார். ரெண்டும் ஒன்றா, போகட்டும். இல்லையா, சிவப்புத் தட்டில் போடு. காலையில் சமையலை முடித்துவிட்டு உட்காருவேன். மத்தியானம் வரைக்கும் பெயர் திருத்துவேன். மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு ரெண்டை அழிப்பேன். படம் தேடி எடுத்து, ஓரம் வெட்டி, அளவு சரி செய்து, அதே பெயர் வைப்பேன். கறுப்புக் கட்டத்தில் படம் வந்து உட்காரும். அது ஒரு மாதிரி நல்லா இருக்கும்.

அந்தப் படங்கள் எல்லாம் யார் யாரோ தங்கள் வீட்டுப் பெட்டியை ஸ்கேன் பண்ணிப் போட்டவை. ஒன்றில் காப்பிக் கறை. ஒன்றில் விலைச் சீட்டைக் கிழித்த வெள்ளை. ஒன்றின் மூலையில் பேனாவில் ஒரு சின்னப் பிள்ளையின் கையெழுத்து, எந்த மொழியோ. அதை மட்டும் நான் வெட்டவில்லை. யார் வீட்டுப் பிள்ளை, இப்போது எவ்வளவு வயசு இருக்கும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ரெண்டு கேம் வேண்டியிருந்தது. ரெண்டுக்கும் பெயர் தெரியாது. பெயர் தெரியாமல் எப்படித் தேடுவது? ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதுதான். மூன்று மாசம் திறந்தேன்.

இனி லாயாங் லாயாங் கதை. நாங்கள் வளர்ந்த சின்ன டவுன் அது.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. அண்ணனுக்குப் பதிமூன்று. அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டினார். வீடு ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால். ரயில் போனால் டிவி ஆடும். டிவிக்கு மரக் கதவு இருந்தது, ரெண்டு பக்கமும் தள்ளுகிற மாதிரி. அம்மா அதை விருந்தாளிக்கு மட்டும்தான் முழுசாகத் திறப்பார்.

அந்த வருஷக் கடைசி பள்ளி விடுமுறை. மழை விடவில்லை. சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு டிவி கேம் கொண்டு வந்தார். வெள்ளையும் சிவப்பும். கூடவே ஒரு கேசட்டு. தடியாக, மஞ்சளாக இருக்கும். மேலே ஒட்டுப் படம். தலையில் விளக்குத் தொப்பி போட்ட ஆள், கையில் மண்வெட்டி.

போட்டுப் பார்த்தால் பிளேன் பறந்தது. ரெண்டு நிமிஷம் பறக்கும். அப்புறம் அப்படியே நிற்கும். தட்டினாலும் ஊதினாலும் நகராது.

"படத்துல மண்வெட்டி, உள்ள பிளேனு," என்றான் அண்ணன். "அந்த ஆளு டிக்கெட் வாங்கப் போயிருப்பான்."

டவுனில் ஒரு வீடியோ கடை இருந்தது. வீடியோ டேப்பும் கொடுப்பார், கேசட்டும் வாடகைக்குக் கொடுப்பார். கடைக்காரர் சீனர். தவுக்கே என்போம், முதலாளி என்று அர்த்தம். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் நல்லாப் பேசுவார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கேசட்டுப் பெயர் எதுவும் அவருக்குத் தெரியாது. பெட்டிப் படங்களை வெட்டிக் கல்யாண ஆல்பத்தில் ஒட்டி வைத்திருப்பார். நாம் ஆல்பத்தைப் புரட்டி விரலை வைக்க வேண்டும். அதே படம் ஒட்டிய கேசட்டை அவர் எடுத்துத் தருவார். அந்த ஊரில் படம்தான் பெயர்.

அதில் எல்லாருக்கும் பிடித்தது பிளேன் கேசட்டு. படத்தில் பெரிய பிளேன், நெருப்பு, மேகம். போட்டால் சுரங்கம். விளக்குத் தொப்பிக்காரன் டக் டக் என்று தோண்டிப் போவான். மேலே இருந்து கல் விழுந்தால் ஆள் காணாமல் போவான், தொப்பி மட்டும் நிற்கும். அந்த டக் டக் சத்தத்துக்கு மழைச் சத்தம் சரியாக இருக்கும்.

மாமாக் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாயின் மகன் எங்கள் வீட்டுக்கு ஆட வருவான். ரொட்டி சானாய் சுடுகிற எண்ணெய் வாசம் அவன் சட்டையோடு வரும்.

"டேய், பிளேன் எங்கடா?"

"மண்ணுக்குள்ள பறக்குது," என்பான் அண்ணன்.

"எப்ப வெளிய வரும்?"

"நீ ஆடி முடிச்சாதான் வரும். உனக்கு இந்த ஜென்மத்துல வராது."

இப்படித்தான். பிளேன் கேசட்டில் பிளேன் இல்லை என்று டவுனில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை.

எனக்குப் பட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் பிளேன் கேசட்டை வாடகைக்கு எடுத்து வந்திருந்தான். ரெண்டும் பிஸ்கட் டின்னில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று கடையுடையது. ஒன்று எங்களுடையது. கடைக் கேசட்டில் பிளேன் படம், உள்ளே சுரங்கம். எங்கள் கேசட்டில் சுரங்கப் படம், உள்ளே பிளேன். நான் ரெண்டையும் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். யாரோ மாற்றி ஒட்டிவிட்டார்கள், யாரும் திருத்தவில்லை என்று தோன்றியது. செருப்பை இடது வலது மாற்றிப் போட்டவனைப் பார்த்தால் சொல்ல மாட்டோமா? அந்த மாதிரி.

சனிக்கிழமை காலை அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். கேத்தலில் தண்ணீர் கொதித்தது. ஆவியில் படத்தைக் காட்டினேன். ஓரம் சுருண்டது. மெதுவாக இழுத்தேன். கிழியாமல் வந்தது. ரெண்டாவதும் வந்தது. பழைய சோற்றை விரலில் நசுக்கிப் பசை செய்தேன். பிளேனுக்குப் பிளேன். சுரங்கத்துக்குச் சுரங்கம். துணி வைத்து அழுத்தினேன். டின்னில் வைத்து மூடினேன்.

அண்ணனிடம் சொல்லவில்லை. அவனே பார்த்து, யார் செஞ்சது என்று கேட்கட்டும் என்று இருந்தேன். பெருமை.

அவன் பார்க்கவில்லை. திருப்பிக் கொடுக்கிற நேரம் ஆகிவிட்டது. மழைக்கு முன் ஓட வேண்டும். டின்னைத் திறந்தான், பிளேன் படம் ஒட்டியதை எடுத்தான், சைக்கிளில் போனான். நான் உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தேன்.

அவன் கொண்டு போனது எங்கள் கேசட்டு. ரெண்டு நிமிஷத்தில் நிற்கிற கேசட்டு. தவுக்கே படத்தைப் பார்த்தார், தட்டில் வைத்தார். அடுத்து எடுத்தது பாய் மகன்.

ஞாயிறு மத்தியானம் தவுக்கே மோட்டாரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் பையில் கேசட்டு. பின்னால் பாய் மகன். அப்பாவுக்கு அன்றைக்கு லீவு. வாசலில் லாரிச் சட்டையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வெளியே வந்தார்கள். தவுக்கே வீடு தேடி வந்தால் சும்மா வர மாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும்.

தவுக்கே கத்தவில்லை. சிரித்துக்கொண்டேதான் பேசினார்.

"அண்ணே, உங்க மகன் கெட்டிக்காரன். நல்ல கேசட்ட வீட்டுல வச்சிக்கிட்டான். கெட்ட கேசட்டுல என் படத்த ஒட்டிக் குடுத்துட்டான்."

"என் மகன் அப்படிச் செய்ய மாட்டான்," என்றார் அப்பா.

அதை அவர் சொன்னார். அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது.

"இங்க பாருங்க." தவுக்கே கேசட்டைச் சாய்த்துக் காட்டினார். படத்தின் ஓரத்தில் ஒரு பருக்கை. நசுங்காமல் அப்படியே ஒட்டியிருந்தது. "எங்க வீட்டுல கஞ்சி. இது யார் வீட்டுச் சோறு?"

பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

அப்பா உள்ளே போய் டின்னைக் கொண்டு வந்தார். திறந்தார். தவுக்கே மற்ற கேசட்டை எடுத்தார். அதை எங்கள் டிவியிலேயே போட்டுப் பார்த்தார்கள். டக் டக். சுரங்கம்.

அப்பா அண்ணனை ஒரு அறை அறைந்தார். கேட்பதற்கு முன்னால் அறைந்தார். அப்புறம்தான் கேட்டார்.

"யாருடா ஒட்டினது?"

அண்ணன் கன்னத்தில் கை வைக்கவில்லை. டிவியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கும்தான். என் விரலில் இன்னும் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"நான்தான்," என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை.

தவுக்கே அவருடைய கேசட்டை எடுத்துக்கொண்டார். "சின்னப் பையன், அடிக்காதீங்க. ஆனா இனிமே கடைக்கு வர வேணாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன்தான். அவருக்குத் தெரிந்தது அவ்வளவு.

அடுத்த நாள் அப்பா கடையிலிருந்து பூட்டு வாங்கி வந்தார். அலமாரிக்குப் போட்டார். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். அந்த அலமாரியில் இருந்தது பிறப்புப் பத்திரம், அம்மாவின் ஒரு சங்கிலி, கொஞ்சம் துணி. பாய் மகன் வருவது நின்றது. பள்ளியில் ஏதாவது காணாமல் போனால் அண்ணன் பையைத்தான் முதலில் திறந்தார்கள். டிவி கேமை அப்பா சித்தப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். விடுமுறை முடிந்தது.

அண்ணன் பதினேழில் சிங்கப்பூர் போனான். கப்பல் பட்டறை. இப்போது கிரேன் ஓட்டுகிறான். அப்பாவுக்கும் அவனுக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. பண்டிகைக்கு வருவான். சாப்பிடுவான். எங்கள் வீட்டில் ராத்தங்க மாட்டான். "காலையில வேலை" என்பான். லீவு நாளிலும் அதையே சொல்வான்.

நான் அந்த ரெண்டு கேமையும் தேடியது இதற்குத்தான். ஆடுவதற்கு இல்லை.

பிளேன் முதலில் கிடைத்தது. இப்போது நிற்காமல் பறக்கிறது. எங்கள் கேசட்டுதான் பழுது போலிருக்கிறது. ரெண்டு நிமிஷத்துக்குப் பிறகு என்ன வரும் என்று இத்தனை வருஷம் கழித்துப் பார்த்தேன். கடல் வருகிறது. ஒரு தீவு. அவ்வளவுதான்.

சுரங்கம் கடைசியில் கிடைத்தது. பெயர் வெறும் எழுத்தும் நம்பருமாக இருந்தது. திறந்ததும் டக் டக். அப்புறம் அதன் அசல் பெட்டிப் படத்தைத் தேடினேன். ஜப்பானில் யாரோ ஸ்கேன் பண்ணியிருந்தார். விளக்குத் தொப்பி. மண்வெட்டி. நான் ஒன்பது வயசில் சோற்றுப் பசையால் ஒட்டிய அதே படம்.

நான் ஒட்டினது சரி. அச்சடித்தவன்தான் தப்பு. ஏன் மாற்றி ஒட்டினான்? அவசரமா, அவனுக்கும் படிக்கத் தெரியாதா, இல்லை பிளேன் போட்டால்தான் விற்கும் என்று நினைத்தானா? இன்னும் எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

சரியான படத்தையும் பெயரையும் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணனை வரச் சொன்னேன்.

அப்பா இப்போது என்னோடு செனாயில் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஆடினான். கிரேன் ஓட்டுகிற கை. கல் விழுந்தது. ஆள் போனான்.

"தொப்பி நிக்கும் பாரு," என்றான். நின்றது. சிரித்தான். அப்புறம் கேமை விட்டு வெளியே வந்து வரிசையைப் பார்த்தான். "என்ன படம் இது? பிளேன் எங்க?"

"இதுதான் சரியான படம். அசல் பெட்டியில இதுதான்."

"சரியை வச்சி என்ன பண்றது? எனக்கு இது பிளேன் கேசட்டு. பழைய படத்தையே போடு."

போட்டேன். பெயரையும் மாற்றினேன். குரூப்பில் கேட்டவருக்கு இதுதான் பதில்.

படம் மாறியதும் நான் சொன்னேன். "அண்ணே, அன்னைக்குப் பிரிச்சி ஒட்டினது நான்."

"தெரியும்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். நான் வாயைத் திறந்து சொன்னதில்ல. இப்ப சொல்றேன்."

"சரி."

"ஏன் உன் தலையில போட்டுக்கிட்ட?"

"எனக்கு அறை விழுந்தாச்சி. வாங்கினதைத் திருப்பிக் குடுக்க முடியுமா? உனக்கும் ஒண்ணு எதுக்கு?"

"என்னா ஒட்டினா?" என்றார் அப்பா. காது மந்தம். வேண்டியது மட்டும் கேட்கும்.

"ஒண்ணுமில்லப்பா. கேம்," என்றான் அண்ணன். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். விடு என்று.

ஒரு தடவை விட்டாச்சு. போதும். நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் புரியவே நேரமாயிற்று. படம் ஒன்று, உள்ளே ஒன்று என்பதே அவருக்கு அன்றைக்கும் தெரியாது. டிவியில் காட்டினேன். பிளேனை அமுக்கினேன். சுரங்கம் வந்தது.

"அப்ப நீ செஞ்சது சரிதானே?"

"சரிதான்ப்பா. ஆனா கேசட்டு நம்மது இல்ல."

"இவன் செய்யல?"

"இல்ல. இவனுக்குத் தெரியவே தெரியாது."

அப்பா ஆரஞ்சைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் அன்னைக்கு வாயில என்னா வச்சிருந்தீங்க?" என்று கத்தினார். இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அண்ணனைப் பார்க்காமல் கேட்டார்.

"தவுக்கே இருக்காரா?"

"செத்து ரொம்ப நாளாச்சிப்பா."

"பாய்?"

"அவரும் இல்ல."

"பக்கத்து வீட்டுல சிரிச்சானே, அவன்?"

"யாருமே அங்க இல்லப்பா."

அப்பா கைத்தடியை எடுத்தார். அப்புறம், "காரை எடு," என்றார்.

"எங்க?"

"லாயாங் லாயாங்."

அண்ணன் ஓட்டினான். அப்பா முன்னால். நான் பின்னால். டவுன் ரொம்ப மாறவில்லை. தண்டவாளம்தான் புதுசு. வீடியோ கடை இருந்த இடத்தில் தையல் கடை. ஒரு சீன அம்மா மெஷினில் உட்கார்ந்திருந்தார். என் வயசு இருக்கும். அப்பா கைத்தடியோடு இறங்கினார். அண்ணன் காரை விட்டு இறங்கி அங்கேயே நின்றான்.

அப்பா அந்த அம்மாவிடம் மலாயில் கேட்டார், இங்கே முன்னாடி வீடியோ கடை வைத்திருந்தவர் யார் என்று.

"என் அப்பா," என்றார் அவர்.

அப்பா நிமிர்ந்து நின்றார். லாரி ஓட்டிய காலத்து மலாய். உடைந்து உடைந்து வந்தது. உன் அப்பாவின் கேசட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. என் மகன் எடுத்தான் என்று சொன்னார்கள். அவன் எடுக்கவில்லை. உன் அப்பா இல்லை, அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். மெஷினை நிறுத்தினார்.

"ஓக்கே, பாச்சிக்," என்றார். சரி, பெரியவரே. கொஞ்சம் யோசித்து, "எந்த மகன்?" என்று கேட்டார்.

அப்பா திரும்பி, கைத்தடியைத் தூக்கிக் காட்டினார். கார் பக்கத்தில் என் அண்ணன். நரைத்த தலை. ஐம்பது தாண்டிய ஆள்.

"அவன்தான்," என்றார் அப்பா. "புடாக் பாயிக்." நல்ல பையன்.

அந்த அம்மா எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தார். அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையைத் தூக்கிக் காட்டினான்.